நெசவூர்களின் புல்தரை

வட்டப் பின்னல் எந்திரத்திலிருந்து சுருளாக இறங்கும் துணி, தையல் மேசைக்கு வந்து சேர்வதற்குள் திருப்பூரில் பல பட்டறைகளைக் கடந்துவிடுகிறது. சாயம் ஏற்றுவது, காம்பாக்டிங் செய்வது ஆகிய வழக்கமான வேலைகளோடு, குளிர்நாடுகளுக்குப் போகும் ஃப்ளீஸ், வெலோர் போன்ற துணிகளுக்கு ரைசிங், ஷியரிங் என்ற இரண்டு வேலைகள் கூடுதலாக உண்டு. ரைசிங் என்பது நுண்ணிய கம்பி முனைகள் பதித்த உருளைகளைக் கொண்டு துணியின் ஒரு முகத்தைக் கீறி இழைகளைப் பஞ்சுபோல எழுப்புவது. ஷியரிங் என்பது அப்படி ஏற்ற இறக்கமாக எழுந்து நிற்கும் இழைகளை ஒரே உயரத்துக்கு நறுக்கிச் சமன்படுத்துவது. ஷியரிங் எந்திரத்தின் உள்ளே, திருகுபோல வளைந்த கத்திகளைச் சுற்றிலும் தாங்கிய உருளை ஒன்று, அசையாமல் கிடக்கும் இன்னொரு கத்தியை உரசியபடி வேகமாகச் சுழல்கிறது; இரண்டுக்கும் நடுவே அகப்படும் இழையின் நுனி மட்டும் வெட்டுப்பட்டுத் தூசியாக உறிஞ்சு குழாய்க்குள் போக, துணி மழுமழுவென்று மறுபக்கம் வெளியே வருகிறது. இந்த உருளைக்குச் சக்கரம் பூட்டித் தரையில் தள்ளிக்கொண்டு போனால் அதுவே புல்வெட்டும் எந்திரம். இது உவமைக்காகச் சொல்லப்படுவது அன்று. வரலாற்றில் நடந்ததும் இதுதான்.

அந்த எந்திரம் உண்டாக்கிய சமதரையின் மேல் வளர்ந்த விளையாட்டுகளில் ஒன்று லான் பவுல்ஸ் என்று அழைக்கப்படும் புல்தரைக் குண்டுருட்டல். 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நான்கு இந்தியப் பெண்கள் இதில் தங்கம் வென்றபோதுதான் இந்தியாவில் பெரும்பாலோர் இப்படி ஒரு விளையாட்டு இருப்பதையே கேள்விப்பட்டார்கள். வெள்ளைக்காரக் கனவான்கள் மாலைத் தேநீருக்கு முன் ஆடும் பொழுதுபோக்கு என்ற எண்ணம் அதைப் பற்றி இங்கே பரவலாக இருக்கிறது. ஆனால் அதன் வரலாற்றை ஊர் ஊராகப் பின்தொடர்ந்தால், கனவான்களைவிடத் துணி நெய்தவர்களும் தொப்பி பின்னியவர்களும் பருத்தி விற்றவர்களுமே அதிகமாக எதிர்ப்படுகிறார்கள். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊர்ப் பவுல்ஸ் கிளப் என்ற அமைப்பு, பெரும்பாலும் திருப்பூரைப் போன்ற ஊர்களில் உருவானது.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வது நல்லது. ஏறக்குறைய 40 மீட்டர் நீள அகலமுள்ள, மேசைபோல மட்டமான புல்வெளியை நீளவாக்கில் ஆறு ஏழு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஓர் ஆட்டம் நடக்கிறது. பட்டைக்கு ரிங்க் என்று பெயர். ரிங்கின் ஒரு முனையில் 60 சென்டிமீட்டர் நீளமும் 36 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சிறு விரிப்பைப் போட்டு, அதில் கால் ஊன்றி, முதலில் ஜாக் எனப்படும் சிறிய பந்தை எதிர்முனை நோக்கி உருட்டுகிறார்கள். அது குறைந்தது 23 மீட்டர் தொலைவில் போய் நிற்க வேண்டும். பிறகு இரு தரப்பினரும் மாறி மாறித் தத்தம் குண்டுகளை அந்த ஜாக்கை நோக்கி உருட்டுகிறார்கள். எல்லாக் குண்டுகளும் உருட்டப்பட்டபின், எதிரணியின் மிக அருகிலுள்ள குண்டைவிட நெருக்கமாகத் தன் குண்டுகள் எத்தனை கிடக்கின்றனவோ, அத்தனை புள்ளி அந்த அணிக்கு. இது ஒரு சுற்று. அடுத்த சுற்று எதிர்முனையிலிருந்து தொடங்கும். நால்வர் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குண்டுகள் என்பதால் ஒரு சுற்றில் 16 குண்டுகள் உருள்கின்றன. தெருவில் கோலி ஆடி வளர்ந்த எவருக்கும் இதில் புரியாதது எதுவும் இல்லை.

புரியாதது குண்டில்தான் இருக்கிறது. 12, 13 சென்டிமீட்டர் குறுக்களவும் ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட அந்தக் குண்டு பார்வைக்கு உருண்டை. உண்மையில் முழு உருண்டை அன்று. அதன் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிடச் சற்றே கூடுதலாகச் செதுக்கப்பட்டிருப்பதால் அது நேர்கோட்டில் போகாமல் வளைந்து போகும். இந்த இயல்பைச் சாய்மானம் எனலாம். வேகமாக உருளும்போது ஏறத்தாழ நேராகப் போகும் குண்டு, வேகம் தணியத் தணிய ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைகிறது. விளிம்பில் நிறுத்தி உருட்டிவிட்ட நாணயம் விழப்போகும் தறுவாயில் வட்டமடிப்பதை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். ஆகவே ஜாக்கை அடைய விரும்புபவர் ஜாக்கைக் குறிவைக்கக் கூடாது. அதற்குப் பல அடி விலகிய ஓர் இடத்தைக் குறிவைத்து, குண்டு தானாகத் திரும்பி வரும்படி வேகத்தை அளந்துவிட வேண்டும். வழியை மறித்துக் கிடக்கும் எதிரியின் குண்டைச் சுற்றிக்கொண்டு போவதும் இந்த வளைவினால்தான் முடிகிறது. முற்காலத்தில் லிக்னம் வைட்டே என்ற, தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரத்தில் இவற்றைக் கடைந்தார்கள். பின்னர் ரப்பரும் அதன் பிறகு கெட்டியான பிளாஸ்டிக்கும் வந்தன.

வளைவு இவ்வளவு நுட்பமாக இருப்பதால், தரையில் ஒரு சிறு மேடு இருந்தாலும் ஆட்டம் கெட்டுவிடும். இந்த விளையாட்டின் வரலாறு ஒருவகையில் தரையின் வரலாறே ஆகும். தரை எவ்வளவு வேகமானது என்பதைக்கூட விநோதமாகவே அளக்கிறார்கள். கையிலிருந்து விடுபட்ட குண்டு 27 மீட்டர் தொலைவில் போய் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுகிறார்கள். இங்கிலாந்தின் ஈரப் புல்லில் அது 10, 12 விநாடியாகவும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தின் வறண்ட தரைகளில் 15 விநாடிக்கு மேலாகவும் இருக்கிறது. அதிக விநாடி எடுக்கும் தரையே வேகமான தரை. முதலில் தலைகீழாகத் தோன்றினாலும் காரணம் எளியது: தடையில்லாத தரையில் மெல்ல விட்டாலே குண்டு அங்கே போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் அது நிதானமாக உருள்கிறது, தடிப்பான புல்லிலோ ஓங்கி விட வேண்டியிருப்பதால் விரைந்து ஓடிச் சட்டென்று நிற்கிறது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரில் உள்ள பழைய பவுல்ஸ் தரை 1299 முதல் இருந்துவருவதாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு பழமையான விளையாட்டை உழைப்பாளிகள் ஆடாமல் இருந்திருக்க முடியாது. அவர்கள் ஆடினார்கள் என்பதற்கு வலுவான சான்று, ஆடக் கூடாது என்று போடப்பட்ட சட்டங்களே. 1541-இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம், கைவினைஞர், உழவர், கூலியாட்கள், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள் ஆகியோர் பவுல்ஸ் உள்ளிட்ட விளையாட்டுகளைக் கிறிஸ்துமஸ் காலம் தவிர வேறு நாட்களில் ஆடுவதைத் தடைசெய்தது. கிறிஸ்துமஸிலும் முதலாளியின் வீட்டிலோ அவர் முன்னிலையிலோதான் ஆடலாம். ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் நிலமுடையவர்கள் மட்டும் தங்கள் சொந்தத் தோட்டத்தில் ஆட அனுமதி பெறலாம். வில்வித்தைப் பயிற்சி குறைந்துபோகிறது என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். வேலை கெடுகிறது என்பது உள்ளே இருந்த காரணம் என்று கருத இடமுண்டு. இல்லாவிட்டால் தடைப் பட்டியலில் தொழில் பழகும் பையன்களையும் கூலியாட்களையும் இவ்வளவு கவனமாக எண்ணி எழுதியிருக்க மாட்டார்கள். இந்தத் தடை 1845-இல்தான் சட்டப் புத்தகத்திலிருந்து முறையாக நீங்கியது. ஏட்டளவிலேனும் முந்நூறு ஆண்டுகள் நெசவாளியின் கைக்குப் பவுல்ஸ் குண்டு விலக்கப்பட்ட பொருளாக இருந்தது.

சட்டம் நீங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எந்திரம் வந்துவிட்டது. இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகள் கம்பளித் துணிக்குப் பேர்போனவை. பட்டாளத்துச் சிவப்புச் சட்டைக்கான துணி அங்கிருந்துதான் போனது. கம்பளித் துணியை நெய்து, நனைத்து, கெட்டியாக்கி, மேல்முகத்து இழைகளைச் சீவி எழுப்பியபின், அவற்றைச் சீராக வெட்ட வேண்டும். திருப்பூரின் ரைசிங்கும் ஷியரிங்கும் செய்வது அதே வேலை. அன்று அதைச் செய்தவர்கள் கிராப்பர்கள் என்ற தனித்திறமை பெற்ற தொழிலாளர்கள். இருபது கிலோவை நெருங்கும் பெரிய கத்தரிக்கோலை மேசைமேல் விரித்த துணியில் படுக்கவைத்து, துணியைக் காயப்படுத்தாமல் இழையின் நுனியை மட்டும் வெட்டுவது அவர்கள் கலை. அந்த வேலைக்கு எந்திரம் வந்தபோது அவர்கள் அதை உடைத்தார்கள். வரலாற்றில் லுடைட்டுகள் என்று பெயர் பெற்ற எந்திர உடைப்பாளர்களில் யார்க்ஷயர்க்காரர்கள் பெரும்பாலும் கிராப்பர்களே. 1812 ஏப்ரல் 11 இரவு ராஃபோல்ட்ஸ் ஆலையை அவர்கள் தாக்கியது துணித் தொழில் வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு நாட்டிங்ஹாம் பகுதியில் அந்தக் கலவரத்தைத் தொடங்கிவைத்தவர்கள் காலுறைப் பின்னல் தொழிலாளர்கள் என்பதையும், அதாவது பின்னலாடைத் தொழிலின் மூதாதையர்கள் என்பதையும், பனியன் நகரத்து வாசகர் இங்கே ஒரு கணம் நின்று நினைத்துக்கொள்ளலாம்.

உடைத்தும் எந்திரம் நிற்கவில்லை. ஸ்ட்ரவுட்டை அடுத்த பிரிம்ஸ்கோம்ப் ஊரின் ஜான் லூயிஸ் 1815-இல் சுழலும் கத்தி உருளை கொண்ட வெட்டு எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வட்டாரத்தின் எட்வின் பியர்ட் பட்டிங் என்ற பொறியாளர் அந்த எந்திரம் துணியை வெட்டும் விதத்தைப் பார்த்து, இழையை வெட்டுவது புல்லை வெட்டாதா என்று யோசித்தார். அதுவரை புல்வெளியைச் சமமாக வைக்க இரண்டே வழிகள் இருந்தன: ஆடுகளை மேயவிடுவது, அல்லது நீண்ட பிடியுள்ள அரிவாளால், பனி ஈரம் காயுமுன் விடியற்காலையில், கைதேர்ந்த ஆட்களைக் கொண்டு அறுப்பது. முன்னதில் புழுக்கை விழும். பின்னதில் காசு விழும். பட்டிங்கின் எந்திரத்துக்கு 1830 ஆகஸ்ட் 31 அன்று காப்புரிமை கிடைத்தது. திரப் என்ற இடத்தில் இரும்புப் பட்டறை நடத்திய ஜான் ஃபெராபியோடு சேர்ந்து 19 அங்குல அகலத்துக்கு வெட்டும் எந்திரங்களைச் செய்து விற்றார். நிலச்சுவான்தார்கள் தாங்களே தள்ளிப் பார்த்தால் உடலுக்கு நல்ல பயிற்சியாகவும் இருக்கும் என்று காப்புரிமை மனுவிலேயே அவர் ஒரு விளம்பரத்தையும் செருகிவைத்தார். பட்டிங் 1846-இல் இறந்தார். விளையாட்டு வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வரிதான். ஆனால் கிரிக்கெட்டும் டென்னிஸும் பவுல்ஸும் இன்று ஆடப்படும் தரை, அவர் துணி ஆலையிலிருந்து எடுத்துவந்த அந்த உருளையின் கீழ்தான் பிறந்தது.

தரை ஆயத்தமானபின் விதி வேண்டும். ஒவ்வோர் ஊரும் தனக்குத் தோன்றியபடி ஆடிக்கொண்டிருந்த விளையாட்டுக்குப் பொது விதிகளை எழுதியவர் வில்லியம் வாலஸ் மிட்செல், கிளாஸ்கோ நகரத்துப் பருத்தி வியாபாரி. 1803-இல் பிறந்த அவர் பதினொரு வயதில் கில்மார்னக் என்ற ஊரின் புல்தரையில் முதன்முதலாகக் குண்டு உருட்டியதாகக் குறிப்பு இருக்கிறது. கில்மார்னக் கிளப் 1740-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் மிகப் பழைய கிளப்புகளில் அதுவும் ஒன்று. அந்த ஊரின் தொழில் என்ன என்று பார்த்தால், கம்பளி நூலில் பின்னிய தொப்பியும் பின்னர் ஜமக்காளமும். கிளாஸ்கோவை அடுத்த பெய்ஸ்லி நெசவாளர் நகரம். காஷ்மீர் சால்வையைப் பார்த்து நெய்து விற்றே பெயரெடுத்த ஊர். தமிழ்நாட்டுப் பட்டுச்சேலைக் கரையில் மாங்காய் என்று சொல்லப்படும் அந்த வளைந்த வடிவத்துக்கு உலகச் சந்தையில் இன்று பெய்ஸ்லி என்றே பெயர் வழங்குவதைப் பிரின்டிங் பட்டறைக்காரர்கள் நன்கு அறிவார்கள். மாங்காயைக் கொடுத்த நாட்டுக்கு அந்த வட்டாரத்து விளையாட்டு வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆயிற்று.

ஸ்காட்லாந்தின் கிளப்புகள் 1848, 1849-ஐ ஒட்டிக் கிளாஸ்கோவில் கூடிப் பேசியபோது நாடளாவிய சங்கம் அமையவில்லை. ஆனால் விதிகளைத் தொகுக்கும் பொறுப்பு மிட்செல்லிடம் வந்தது. 1864-இல் அவர் வெளியிட்ட பவுல்ஸ் கையேடு இன்றைய விதிகளின் அடித்தளம். ஸ்காட்லாந்துச் சங்கம் 1892-இல் வந்தது. இங்கிலாந்துச் சங்கத்தை 1903-இல் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் தலைமையேற்றுத் தொடங்கினார். வியாபாரி ஒருவர் விதி எழுதியதில் வியப்பில்லை. நூறு ஊர்களுக்குச் சரக்கு அனுப்புகிறவருக்கு அளவும் தரமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதன் அருமை தெரியும். குண்டின் சாய்மானத்துக்கும் தரமுத்திரை வேண்டும் என்ற எண்ணம் நூல் கவுண்ட் பார்க்கும் மனத்துக்கு இயல்பாக வரக்கூடியது.

இவ்வளவும் இருந்தும் தொழிலாளிக்கு நேரம் வேண்டுமே. அதைக் கொடுத்தது ஆட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சட்டம். 1850-ஆம் ஆண்டின் பிரித்தானியத் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளையவர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் வேலை அத்தோடு முடிந்தது. கால்பந்து, கிரிக்கெட், பவுல்ஸ் என்று வட இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் உலகுக்குக் கொடுத்த சனிக்கிழமை விளையாட்டுக் கலாச்சாரம் அந்த அரைநாளில் முளைத்தது. வாரச் சம்பளம் சனிக்கிழமை கைக்கு வருவது திருப்பூரிலும் வழக்கம். ஆனால் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைவரை நீளும் ஒன்றரை ஷிப்டு என்ற கணக்கு பழகிப்போன ஊரில், சம்பளம் வாங்கிய கையோடு மளிகைக் கடைக்குப் போகத்தான் நேரம் இருக்கும்.

அந்த அரைநாளைக் கொண்டு ஊர்க்காரர்கள் அமைத்த கிளப்பின் கட்டமைப்பு எளியது. உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். அதில் பெரும்பங்கு புல்லைப் பராமரிக்கும் தரைக்காரருக்கும் தரைக்கும் போகும். தலைவர், செயலர், பொருளாளர், தரையைக் கவனிக்க ஒரு குழு. வசந்தத்தில் தரை திறக்கும் நாளில் தலைவரோ ஊர்ப் பெரியவரோ முதல் ஜாக்கை உருட்டுவார். ஆடும் நால்வருக்கும் பொறுப்பு வகுக்கப்பட்டிருக்கிறது. லீடு என்பவர் விரிப்பைப் போட்டு ஜாக்கை உருட்டி ஆட்டத்தைத் தொடங்குவார். செகண்டு அவருக்குத் துணை. தேர்டு என்பவர் புள்ளிகளை அளந்து எதிரணியோடு பேசித் தீர்ப்பார். ஸ்கிப் என்ற தலைவர் எதிர்முனையில் ஜாக்கின் அருகே நின்று எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் விட வேண்டும் என்று கைகாட்டிவிட்டு, கடைசியில் வந்து தன் குண்டை உருட்டுவார். வயதும் உடல்வலுவும் இதில் பெரிய தடையல்ல என்பதால் பேரனும் தாத்தாவும் ஒரே அணியில் ஆட முடிகிறது. ஆலையில் மேஸ்திரியாக இருப்பவர் இங்கே லீடாகவும், அவரிடம் வேலை பார்ப்பவர் ஸ்கிப்பாகவும் நிற்க நேரலாம்.

ஆலை அதிபர்களும் இதில் கைவைத்தார்கள். அல்பாக்கா கம்பளியில் பொருள் சேர்த்த டைட்டஸ் சால்ட், யார்க்ஷயரில் தன் ஆலைக்காக 1853 முதல் எழுப்பிய சால்ட்டேர் என்ற குடியிருப்பூரில் மதுக்கடையை அனுமதிக்கவில்லை. 1871-இல் திறந்த பூங்காவில் கிரிக்கெட்டுக்கும் பவுல்ஸுக்கும் இடம் ஒதுக்கினார். தொழிலாளி எங்கே போகக் கூடாது என்பதையும் எங்கே போகலாம் என்பதையும் முதலாளியே வகுத்த ஊர் அது. ஊர்க்காரர்கள் தாமாகக் கூடிச் சந்தா பிரித்து அமைத்த கில்மார்னக் போன்ற கிளப்புகளோடு ஒப்பிட்டால், இங்கே புல்தரை கொஞ்சம் ஆலைக் காம்பவுண்டின் நீட்சியாகவே தெரிகிறது.

பருத்தி ஆலைகளின் லங்காஷயரில் ஆட்டமே வேறு உருவம் எடுத்தது. அங்கே தரை மட்டமாக இல்லாமல் நடுவில் சற்றே மேடிட்டு நாற்புறமும் சரிகிறது. கிரீடத் தரை என்று பெயர். அதில் ரிங்க் கிடையாது. எந்தத் திசையிலும் உருட்டலாம். குண்டின் சாய்மானமும் தரையின் சரிவும் ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விளையாட்டுக் காட்டும். ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஓர் ஊரின் ஆலைகள் எல்லாம் ஒருசேர மூடப்படும் விடுமுறை அந்நாளில் உண்டு. தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு திருப்பூரே காலியாகும் நாட்களைப் போல, ஆலைத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே வாட்டர்லூ ஓட்டலின் தரையில் 1907-இல் தொடங்கிய பந்தயம் கிரீடத் தரை ஆட்டத்தின் தலையாய போட்டியாக வளர்ந்தது. பந்தயம் என்றால் பணப் பந்தயமும் சேர்த்துத்தான். எட்டாம் ஹென்றிக்கு இதில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

காமன்வெல்த் போட்டிகள் 1930-இல் கனடாவின் ஹாமில்டனில் தொடங்கியபோதே பவுல்ஸ் இடம்பெற்றது; 1966-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் மட்டும் விடுபட்டது. பெண்களுக்கு 1982-இல்தான், பிரிஸ்பேனில், வழி திறந்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் காலத்துக் கிளப்புகளில், குறிப்பாகக் கல்கத்தாவில், இந்த ஆட்டம் இருந்துவந்தாலும் அது கிளப்பின் வேலியைத் தாண்டி வெளியே வரவில்லை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்காக ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்க வளாகத்தில் தரை அமைக்கப்பட்ட காலத்தை ஒட்டித்தான் வெளியாட்கள் இந்த ஆட்டத்துக்கு வந்தார்கள். ராஞ்சியிலும் குவாஹாட்டியிலும் தரைகள் வந்தன. ஜார்க்கண்டும் அசாமும் இந்த ஆட்டத்தின் இந்திய நாற்றங்கால்களாயின.

2022-இல் தங்கம் வென்ற நால்வர் யார் என்பதைப் பார்த்தால் 1541-இன் தடைப் பட்டியல் நினைவுக்கு வரும். லீடாக ஆடிய லவ்லி சௌபே அப்போது ஜார்க்கண்ட் காவல்துறைக் காவலர். முன்பு நூறு மீட்டர் ஓட்டக்காரர். செகண்டு பிங்கி டெல்லியில் பள்ளி உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர். அவர் வேலை பார்த்த பள்ளி 2010 போட்டிக்கான பயிற்சி இடமாக ஆனதால் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். தேர்டு நயன்மணி சைகியா அசாமின் கோலாகாட் பகுதியிலிருந்து வந்தவர். பளுதூக்குதலில் தொடங்கி, காயத்தால் அதை விட்டுப் பவுல்ஸுக்கு வந்து, வனத்துறையிலும் வேலை பார்த்தார். ஸ்கிப் ரூபா ராணி திர்க்கி ராஞ்சியைச் சேர்ந்தவர், கபடி ஆடியவர். வேறு விளையாட்டில் உடம்பைத் தேய்த்துக்கொண்டவர்கள் இதில் மறுவாழ்வு பெற்றிருக்கிறார்கள். லெமிங்டன் ஸ்பா நகரின் விக்டோரியா பூங்காத் தரையில் அரையிறுதியில் நியூசிலாந்தை 16–13 என வென்று, ஆகஸ்ட் 2 அன்று இறுதியில் தென்னாப்பிரிக்காவை 17–10 என வீழ்த்தினார்கள். இடையில் 10–10 என்று சமநிலைக்கு வந்த ஆட்டத்தின் கடைசிச் சுற்றுகளில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. சில நாட்களில் ஆண்கள் நால்வர் அணியும் வட அயர்லாந்திடம் தோற்று வெள்ளி பெற்றது. இந்த ஆட்டத்தில் இந்தியா காமன்வெல்த் பதக்கம் பெற்றது அந்த ஆண்டுதான் முதல் முறை.

தமிழ் நிலத்தில் இதற்கு மிக நெருங்கிய உறவு புதுச்சேரியில் இருக்கிறது. பவுல்ஸின் பிரெஞ்சுப் பங்காளியான பெத்தாங்க், 1907-ஐ ஒட்டி மார்செய்க்கு அருகே லா சியோட்டா என்ற துறைமுக ஊரில் பிறந்தது. மூட்டுவலியால் ஓடி வந்து எறிய முடியாமல் போன ஒரு பழைய ஆட்டக்காரருக்காக, கால்களைச் சேர்த்து ஊன்றி நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றியதில் உருவான ஆட்டம். ஊன்றிய கால்கள் என்பதே அந்தப் பெயரின் பொருள். இரும்புக் குண்டை 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறிய மரக்குண்டின் அருகே எறிய வேண்டும். இதற்குப் புல்லும் வேண்டாம், மட்டமும் வேண்டாம், மண்தரை போதும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் பெறும் தமிழர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள்; அவர்கள் குடும்பங்களின் வழியாக அந்த ஆட்டம் பிரெஞ்சு ஆட்சி போனபின்னும் அங்கே தங்கிவிட்டது. பவுல்ஸ் இந்தியாவில் கிளப்பின் வேலிக்குள் நின்றதற்கும் பெத்தாங்க் தெருமுனைக்கு வந்ததற்கும் உள்ள வித்தியாசம் தரையின் செலவில்தான் இருக்கிறது.

அந்தச் செலவைத் திருப்பூர்க் கணக்கில் சொன்னால், ஒரு முழு அளவுப் பவுல்ஸ் தரைக்கு ஏறத்தாழ 40 சென்ட் நிலம் வேண்டும். அவ்வளவு இடம் கிடைத்தால் அங்கே ஒரு பனியன் கம்பெனி எழும்பிவிடும். புல்லுக்குப் பஞ்சமில்லை, வெப்ப நாடுகளின் பவுல்ஸ் தரைகளில் விரிப்பது பெரும்பாலும் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனத்தைச் சேர்ந்த ரகங்களே, அவை உப்புநீரையும் ஓரளவு தாங்கும். ஆனால் சாயக்கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளையே நீதிமன்றம் மூடச்சொல்லி, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரித்தால் மட்டுமே ஓட்டலாம் என்ற நிலைக்கு வந்த ஊரில், நாள்தோறும் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை எந்தக் கிளப் செயலரும் நிம்மதியாகச் செய்ய முடியாது.

தண்ணீர் இல்லாத தரைக்கும் வழி கண்டது ஒரு துணி நகரம்தான். வங்காளத்துச் சணலை இறக்கிச் சாக்கு நெய்த ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், 1888-இல் வில்லியம் மக்ரே என்பவர் குளிர்காலத்திலும் ஆட வேண்டும் என்று பயிற்சிக் கூடம் ஒன்றின் தரையில் மரத்தூளைப் பரப்பிக் குண்டு உருட்டிப் பார்த்தார். கூரைக்குக் கீழே பவுல்ஸ் ஆடும் வழக்கம் அங்கே தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டபிள்யூ. ஜி. கிரேஸ் லண்டனில் விரிப்பு போட்டு அதை நிலைப்படுத்தினார். இப்போது பல நாடுகளில் கிளப்புகள் புல்லைப் பெயர்த்துவிட்டுச் செயற்கை இழையில் நெய்த அல்லது ஊசியால் குத்திப் பிணைத்த விரிப்புகளைத் திறந்தவெளியிலும் இழுத்துக் கட்டுகின்றன. தரைக்காரர் செய்த வேலையில் பாதி துணி ஆலைக்கே திரும்பிவிட்டது. 2026 காமன்வெல்த் போட்டிக்கு அறிவிக்கப்பட்ட திட்டத்தில் பவுல்ஸ் ஆட்டங்களுக்கு இடம் குறித்திருப்பதும் புல்வெளியில் அன்று; மிட்செல் பருத்தி விற்ற அதே கிளாஸ்கோவில், கூரைக்குக் கீழே விரித்த ஒரு துணியின் மேல்.